தேதிகளைக் கேட்கும் அலுவலகம்: கோவையில் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரின் சேவை பற்றி

கோவை நீதிமன்ற வளாகத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் இருக்கும் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு 2024 செப்டம்பரிலிருந்து போய் வருகிறேன். நிர்வாகத் தரப்பு வழக்குகளைத் தொடுவதில்லை, வேலை செய்பவர்களின் வழக்குகளை மட்டுமே எடுப்போம் என்பது அவர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு. அவர்களுடைய சேவை எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயரைச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. வழக்கறிஞர்கள் தங்கள் தொழிலை விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்கிறது இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதி. வழக்கறிஞர்களைக் கடைச் சரக்குபோலப் பட்டியலிட்டு மதிப்பெண் போடும் இணையதளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதோடு, குறைகளையும் சொல்லப்போகிறேன், என் வழக்கோ இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே நட்சத்திரம் எதுவும் போடாமல், அங்கே எனக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

என் கதை சுருக்கமானதுதான். வாகன உதிரிபாகம் செய்யும் ஆலையொன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அதே மேசையில், அதே மைக்ரோமீட்டரையும் வெர்னியரையும் வைத்து, அதே வேலையைச் செய்ய ஓர் ஆண் சேர்க்கப்பட்டார். அனுபவத்தில் என்னைவிட ஐந்து ஆண்டு இளையவர். அவருடைய மாதச் சம்பளம் என்னுடையதைவிட 5,800 ரூபாய் அதிகம் என்பதைத் தேநீர் இடைவேளையில் அவரே கள்ளமில்லாமல் சொன்னார். ஜூன் 10 அன்று, சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு மனிதவளப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அதில் தொலைநோக்கு ஏதும் இல்லை. ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து வாங்கிப் பழகிய கை, அவ்வளவுதான். பிறகு ஷிப்ட் மாறியது, மெமோ வந்தது, செப்டம்பர் 16 அன்று பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்த கிளைக்கு மாறுதல் ஆணையும் வந்தது. அங்கே காலை ஆறு மணிக்கு ஷிப்ட் தொடங்கும். அந்த நேரத்துக்குக் கம்பெனிப் பேருந்து கிடையாது. மறுநாள் மாலை அந்த மாடிப்படி ஏறினேன்.

அலுவலகத்தில் எல்லோரும் பெரிய வக்கீல் என்று குறிப்பிடும் அறுபது வயதுக்காரர், நான் பட்ட அவமானங்களையெல்லாம் இருபது நிமிடம் குறுக்கிடாமல் கேட்டார். யார் என்ன சொன்னார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்றெல்லாம் நான் கொட்டித் தீர்த்த பிறகு, "சரிங்கம்மா, புகார் கொடுத்த தேதி என்ன?" என்று கேட்டார். எனக்குச் சற்றுக் கோபம்கூட வந்தது. அவர் ஒரு நீள நோட்டை எடுத்து, நடுவில் இரண்டு கோடு கிழித்து மூன்று பத்தி ஆக்கினார். இடப்பக்கம் நான் செய்தது, வலப்பக்கம் நிர்வாகம் செய்தது, நடுவில் இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்கள். ஜூன் 21 அன்று ஷிப்ட் மாற்றம், நடுவில் 11. ஆகஸ்ட் 5 அன்று மெமோ, நடுவில் 56. செப்டம்பர் 16 அன்று மாறுதல், நடுவில் 98. முந்தைய ஒன்பது ஆண்டுகளில் மெமோ வந்ததுண்டா என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றேன். 56ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, "இந்த இடத்துல நீங்க ஒண்ணும் விளக்க வேண்டியதில்லீங்க" என்றார்.

புகார் கொடுத்ததால்தான் தண்டிக்கிறோம் என்று எந்த நிர்வாகமும் எழுதிக் கொடுக்காது. ஆகவே நோக்கத்தை, நடந்தவற்றின் வரிசையிலிருந்தும், அதற்கு முன்பு அவர்கள் நடந்துகொண்ட விதத்திலிருந்தும், மற்றவர்களை நடத்திய விதத்திலிருந்தும்தான் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. வரிசை மட்டும் போதாது என்பதையும் அன்றே சொன்னார். உற்பத்தித் தேவைக்காக மாற்றினோம் என்று நிர்வாகம் சொல்லும். அப்படியானால் பரிசோதனைப் பிரிவில் இருந்த மற்ற நான்கு பேரில் ஒருவர்கூட ஏன் மாற்றப்படவில்லை என்பதற்கு நம்மிடம் தாள் இருக்க வேண்டும். அந்த நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டார். அது இப்போது 61 வரிகளில் வந்து நிற்கிறது. இந்த அலுவலகத்தில் நான் காசு கொடுத்து வாங்கியவற்றில் மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால் அந்த நோட்டைத்தான் காட்டுவேன்.

இவர்களிடம் எனக்குப் பிடித்த இன்னொன்று, சட்டம் எங்கே இருக்கிறது என்பதைப் போலவே எங்கே இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்வது. தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு எல்லாப் பாகுபாட்டையும் ஒரே இடத்தில் தடுக்கும் சட்டம் இந்தியாவில் கிடையாது. அரசியலமைப்பின் 14, 16ஆம் பிரிவுகள் அரசை நோக்கிப் பேசுபவை. மற்றபடி இருப்பவையெல்லாம் ஒட்டுத்துணிகள். ஊதியத்தில் ஆண் பெண் பேதம் கூடாது என்பதற்கு 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் இருந்தது. பேறுகால விடுப்பில் இருப்பவரை நீக்குவதோ அவருடைய பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றுவதோ கூடாது என்பதற்கு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இருந்தது. எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டமும் திருநர்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டமும் தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவோ அரசு நிறுவனங்களைத்தான் கட்டுகிறது. சாதியைக் காரணமாக வைத்து ஒரு தனியார் நிறுவனம் பதவி உயர்வை மறுத்தால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் எல்லைக்குள் வரும் செயலாக இருந்தாலொழிய, நேராகக் கைக்கொள்ளத் தக்க வேலைவாய்ப்புச் சட்டம் எதுவும் இல்லை. இதைக் கேட்டபோது எனக்கு அருகில் காத்திருந்த இளைஞர் ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். அவருடைய வழக்கு அதுவாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

பழிவாங்கலுக்கு எதிரான பாதுகாப்பு இதைவிட மெல்லிசு. அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுச் சிவில் உரிமைச் சட்டம், பாகுபாடு குறித்துப் புகார் செய்தவரைப் பழிவாங்குவதையே தனிக் குற்றச்சாட்டாக ஏற்கிறது. நம்மிடம் அப்படி நேர்வழி இல்லாததால், தொழிற்தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. பழிவாங்கும் விதமாக வேலையைவிட்டு நீக்குவதும், நிர்வாகக் கொள்கை என்ற போர்வையில் தீய நோக்கத்தோடு இடமாறுதல் செய்வதும் நியாயமற்ற தொழிலாளர் நடைமுறைகள் என்று அந்த அட்டவணை சொன்னது. அதற்கான தண்டனை ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அந்த ஆயிரம் ரூபாயைச் சொல்லும்போது பெரிய வக்கீல் சிரிக்கவில்லை, நான்தான் சிரித்துவிட்டேன். பாலியல் துன்புறுத்தலுக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வகையில் கொஞ்சம் முன்யோசனை உள்ளது. புகார் கொடுத்த பெண்ணின் பணித்திறன் அறிக்கையைக் குற்றம் சாட்டப்பட்டவர் எழுதக் கூடாது என்று விசாரணை நடக்கும்போதே உள்ளகக் குழு பரிந்துரைக்க அதன் விதிகள் இடம் தருகின்றன. சம்பளப் புகாருக்கு அப்படியொரு தடுப்பு கிடையாது.

மாறுதல் ஆணையை எதிர்த்து உடனே வழக்குப் போடலாம் என்றுதான் நான் போயிருந்தேன். அவர்கள் மறுத்தார்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் மட்டுமே தொழிற்தகராறுகள் சட்டத்தின் 2ஏ பிரிவின்படி தனியாளாகத் தொழிற்தகராறு எழுப்ப முடிந்தது. மாறுதல், மெமோ, ஷிப்ட் போன்றவற்றுக்குத் தொழிற்சங்கமோ கணிசமான சக தொழிலாளர்களோ துணை நிற்க வேண்டும். எங்கள் ஆலையில் சங்கம் இல்லை. துணை நிற்பார்கள் என்று நான் நம்பியவர்களிடம் கேட்டபோது, பிள்ளைகளின் படிப்புச் செலவைச் சொன்னார்கள். போகாமல் இருந்தால் அனுமதியின்றி வராமல் இருந்தார் என்பதே தனிக் குற்றச்சாட்டாகிவிடும் என்பதால், எதிர்ப்பை எழுத்தில் தெரிவித்துவிட்டுப் போய்ச் சேருங்கள் என்றார்கள். செப்டம்பர் 23 அன்று சேர்ந்தேன். விடியற்காலை நாலே காலுக்குக் கிளம்பி, இரண்டு பேருந்து மாறிப் போன அந்த நாட்களில் இந்த அறிவுரையை எத்தனை முறை திட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அது சரியான அறிவுரை.

டிசம்பர் 2 அன்று, பதினான்கு நாள் தாமதமாக வந்ததாகவும் மேலதிகாரிக்குக் கீழ்ப்படியவில்லை என்றும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்துப் பணியிடை நீக்கம் செய்தார்கள். சம்பளம் நின்றுபோனது. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டிலிருந்து பிழைப்பூதியத்துக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது என்பதும், பணியிடை நீக்கத்தின் முதல் 90 நாட்களுக்குப் பாதி ஊதியம், அடுத்த 90 நாட்களுக்கு முக்கால் பங்கு, 180 நாட்களைத் தாண்டினால் முழு ஊதியம் தர வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. என் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கும் தெரியாததுபோல இருந்தார்கள். அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு கடிதம், ஒன்றரைப் பக்கம், அதட்டல் ஒரு சொல்கூட இல்லை. பன்னிரண்டாம் நாள் பணம் வங்கிக் கணக்கில் ஏறியது. அந்தக் கடிதத்துக்குக் கொடுத்த 2,500 ரூபாய்போல் பலன் தந்த செலவு எனக்கு நினைவில்லை.

2025 பிப்ரவரி 24 அன்று வேலையைவிட்டு நீக்கினார்கள். அதன் பிறகுதான் இந்த அலுவலகத்தின் நுட்பம் தெரிந்தது. என் பதவியின் பெயர் உதவி மேலாளர், தரம். அந்தப் பெயரை எனக்குக் கொடுத்தபோது இனிப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அதுவே ஒரு பொறி என்று யாருக்குத் தோன்றும்? நிர்வாகப் பணி செய்பவரும், மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வர மாட்டார்கள் என்பது அப்போதிருந்த சட்டம். அந்த வரையறைக்கு வெளியே போய்விட்டால் சமரச அலுவலரும் இல்லை, தொழிலாளர் நீதிமன்றமும் இல்லை. பதவியின் பெயரைவிட உண்மையில் செய்த வேலையைத்தான் நீதிமன்றம் பார்க்கும் என்று சொல்லி, யாருக்காவது விடுப்பு அனுமதித்ததுண்டா, யாருடைய வேலையையாவது மதிப்பிட்டு எழுதியதுண்டா என்று ஜூனியர் வழக்கறிஞர் ஒரு மணி நேரம் கேட்டார். எதுவும் இல்லை. பழைய பரிசோதனைத் தாள்களின் நகல்களில் நான்கைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு கட்டங்கள்: பரிசோதித்தவர், ஒப்புதல் அளித்தவர். என் கையெழுத்து நான்கிலும் முதல் கட்டத்தில் இருந்தது.

சமரசப் பேச்சுவார்த்தையில் எந்தத் தரப்புக்கும் வழக்கறிஞர் ஆஜராக முடியாது என்பது சட்டம். தொழிலாளர் உதவி ஆணையர் முன்னால் நான் மட்டும்தான் உட்கார வேண்டும்; எதிரே இருப்பவர்களுக்கு இதுவே தொழில். ஆகவே மார்ச் மாதத்தில் இரண்டு மாலை நேரம் எனக்கு ஒத்திகை நடத்தினார்கள். ஜூனியர் மேசைக்கு அந்தப் பக்கம் மனிதவள மேலாளராக உட்கார்ந்து, குரலை மாற்றி, "ஏம்மா, உங்களை யார் வேலைக்கு வர வேண்டாம்னு சொன்னது? நாளைக்கே பொள்ளாச்சியில வந்து சேருங்க. வர்றீங்களா, இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார். நான் பட்டென்று "இல்லை" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வேலை கொடுத்தோம், அவர்தான் மறுத்தார் என்று கோப்பில் ஏறிவிடும். வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான பின்சம்பளம் கேட்கும்போது அந்த ஒரு சொல் எதிரே வந்து நிற்கும். முன்பு வேலை பார்த்த இடத்தில், பணித் தொடர்ச்சியோடும் பின்சம்பளத்தோடும் என்று எழுத்தில் கொடுத்தால் நாளையே வருகிறேன் என்று சொல்லப் பழக்கினார்கள். இரண்டாவது அமர்வில் அதே கேள்வி, ஏறக்குறைய அதே சொற்களில் வந்தது. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். உதவி ஆணையர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். சமரசம் ஏற்படவில்லை. மனு கொடுத்து 45 நாள் கழிந்தால் நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பதால், ஜூன் மாதம் வழக்குத் தாக்கல் ஆனது.

குறைகளில் பெரியது, என் புகாரின் மூலப்பொருளே இவர்களுடைய கையில் சுருங்கிப் போனது. முதல் நாளில் பெரிய வக்கீல், 1987ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன மெக்கின்னன் மெக்கன்சி வழக்கை ரசித்து விவரித்திருந்தார். பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த ஊதியம் கொடுத்த நிறுவனம், அவர்கள் வேறு வகைப் பணியாளர்கள் என்று வாதாடியதையும், நிறுவனத்தின் பணவசதியைக் காரணமாகச் சொல்லிச் சம ஊதியத்தை மறுக்க முடியாது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டதையும் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். தாக்கல் செய்த மனுவில் சம்பள வித்தியாசம் இரண்டாம் பக்கத்தின் அடியில் நான்கு வரியாக இருந்தது. அந்தத் தீர்ப்பைக் காணவில்லை. சம ஊதியச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி தனி மனு கொடுக்கலாமே என்று மூன்று முறை கேட்ட பிறகு, 2025 அக்டோபரில்தான் கொடுத்தார்கள். அந்தச் சட்டத்தின்கீழ் நிறுவனம் வைத்திருக்க வேண்டிய பணியாளர் பதிவேட்டை வரவழைக்கும் கோரிக்கையையும் நான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. பணிநீக்க வழக்கு என்றால் இவர்களுக்குக் கை தானாக ஓடுகிறது. அதற்கு முந்தைய அநீதி அவர்களுக்கு முன்கதைபோல ஆகிவிடுகிறது. எனக்கோ அதுதான் கதை.

மனு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்துப் போடும் முன் ஜூனியர் ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொன்னார் என்பது உண்மை. ஆனால் எழுத்து வடிவில் ஒரு தமிழ்ச் சுருக்கம் கேட்டு வாங்க மூன்று வாரம் ஆனது. நான் சத்தியம் செய்து கையெழுத்திடும் தாளை நானே நிதானமாகப் படிக்க முடிய வேண்டும் என்பது அதிகப்படியான கோரிக்கையாக எனக்குத் தெரியவில்லை. தொலைபேசியை எடுப்பதும் அரிது. நேரில் போனால் கிடைக்கும் கவனத்தில் கால்வாசிகூடக் குரல்வழியில் கிடைக்காது.

கட்டணம் நியாயமானது. முதல் சந்திப்புக்கு 1,000 ரூபாய், நீதிமன்ற வழக்குக்கு 35,000 ரூபாய் நான்கு தவணையில். இதற்கு முன் நான் விசாரித்த வேறோர் இடத்தில் கிடைக்கும் தொகையில் 20 சதவீதம் கேட்டார்கள். வழக்கின் பலனில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிக்கே விரோதம் என்பதை இங்கே வந்த பிறகுதான் அறிந்தேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண்களும் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞரைப் பெறலாம், அதற்கு 15100 என்ற எண்ணில் அழைக்கலாம் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லி, வேண்டுமானால் அங்கே போங்கள் என்றார்கள். வாடிக்கையாளரை இழக்கக்கூடிய தகவலை முதலில் சொன்ன இடம் என்பதால்தான் இங்கேயே தங்கினேன்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. மேலே நான் சொன்ன தொழிற்தகராறுகள் சட்டம், சம ஊதியச் சட்டம், பேறுகாலச் சட்டம் ஆகியவற்றின் இடத்தில் இப்போது அவை இருக்கின்றன. மேற்பார்வையாளருக்கான ஊதிய வரம்பு 18,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. பணிநீக்கம் செய்யப்பட்டவர் வழக்குத் தொடுக்க முன்பிருந்த மூன்று ஆண்டுக் கெடு இரண்டாகக் குறைந்திருக்கிறது. ஆகவே என் வழக்கின் பிரிவு எண்களை வைத்துக்கொண்டு யாரும் தங்களுடையதைக் கணக்குப் போட வேண்டாம். மெமோ கையில் வந்த வாரமே போவது நல்லது. நீக்க ஆணை வந்த பிறகு போனால் நோட்டின் வலப்பக்கம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும், இடப்பக்கத்தில் எழுத நம்மிடம் ஒன்றும் இருக்காது.

மாலை ஐந்து மணிக்கு மேல் ஏழரை வரை பார்க்கிறார்கள். நீதிமன்ற நாட்களில் காலையில் போவது வீண். படிகள் செங்குத்தானவை, கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே. ஏற முடியாதவர்கள் தரைத்தளத்து ஜெராக்ஸ் கடையில் சொன்னால், கடைப் பையன் மாடிக்கு ஓடிப்போய்ச் சொல்வான், ஜூனியர் இறங்கி வருவார். சென்ற மாதம் நான் போனபோது, முழங்காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு பஞ்சாலைக்காரரை அந்தக் கடையின் பெஞ்சில் உட்காரவைத்து, மடியில் நீள நோட்டைப் பிரித்து, இரண்டாவது கோட்டைக் கிழித்துக்கொண்டிருந்தார்.